உப்பங்கழியில் நிற்கும் அலுமினியப் பான்டூன் படகு உப்பரிக்காமல் இருக்க

முட்டுக்காடு உப்பங்கழியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பான்டூன் படகு இருக்கிறது. இரண்டு அலுமினிய மிதவைக் குழாய், மேலே பலகைத் தளம், பின்னால் அவுட்போர்டு இன்ஜின். 24 அடி நீளம். செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது குழாய்கள் மங்கிச் சாம்பல் நிறத்தில் இருந்தன. பார்க்க நன்றாக இல்லையே என்று 18,000 ரூபாய் கொடுத்து ஆசிட் வாஷும் பஃபிங்கும் செய்தோம். ஒரு வாரம் கண்ணாடி மாதிரி மின்னியது. மூன்றாவது மாதம் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெள்ளையாகப் பூத்தது. சுரண்டிப் பார்த்தால் அடியில் குண்டூசித் தலை அளவுக்குக் குழிகள். எட்டாவது மாதம் இடது குழாய்க்குள் தண்ணீர் ஏறிவிட்டது.

அதைச் சரிசெய்ய ஒரு சீசன் முழுக்க அலைந்தேன். முட்டுக்காடு, கோவளம், பழவேற்காடு, எண்ணூர் என்று சென்னையைச் சுற்றி உவர்த் தண்ணீரில் அலுமினியப் படகு வைத்திருக்கும் யாரும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். நான் எட்டாவது வேலையை முதலில் செய்ததால்தான் இவ்வளவு செலவு.

1. மங்கலையும் குழியையும் பிரித்துப் பாருங்கள்

அலுமினியம் காற்றுப் பட்டதும் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். இரும்புத் துரு போல அது உதிராது, உலோகத்தைக் காக்கும். படகு ஒரே சீராக மங்கிச் சாம்பல் நிறமானால் பயப்பட ஒன்றும் இல்லை.

பயப்பட வேண்டியது புள்ளி புள்ளியாக வரும் வெள்ளைப் பொடிக்கு. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஓரிடத்தில் துளைத்துவிட்டால், அங்கிருந்து உள்நோக்கி அரிக்கும். வெளியே மிளகளவு வெள்ளை தெரியும், உள்ளே ஆழமான குழி இருக்கும். நகத்தால் தேய்த்துப் பாருங்கள். பொடி போனபின் வழவழப்பாக இருந்தால் அழகுப் பிரச்சினை மட்டும். நகம் இடறினால் வேலை இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் படலத்துக்கு ஆசிடும் ஆகாது, காரமும் ஆகாது. பிஎச் அளவு சுமார் 4 முதல் 8.5 வரைதான் அது நிலையாக இருக்கும். இட்லிப் பானையின் உட்புறம் கறுத்துப்போவதும், அம்மா அதில் ஒரு துண்டு புளியோ எலுமிச்சைத் தோலோ போடுவதும் இதே கதைதான். கார உப்புகள் உள்ள தண்ணீர் கொதிக்கும்போது அலுமினியம் கறுக்கும், கொஞ்சம் புளிப்பு அதைத் தடுக்கும். ஆனால் பானைக்குப் போடும் அந்த ஒரு துண்டை நினைத்துக்கொண்டு படகில் ஆசிடைக் கொட்டக் கூடாது.

2. காகிதங்களை முதலில் எடுத்து வையுங்கள்

புதுப் படகு என்றால் கட்டியவரிடம் அலுமினியத் தகட்டின் மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். மிதவைக் குழாய்க்குப் பெரும்பாலும் 5052 என்ற அலுமினியக் கலவை, சில இடங்களில் 5083. இது தெரியாமல் வெல்டிங்கும் சரியாக வராது, பெயிண்ட் கம்பெனியிடம் கேள்வியும் கேட்க முடியாது. எங்களுக்குப் பழைய உரிமையாளரிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை. இன்ஜின் பில்லை மட்டும் பார்த்து வாங்கிவிட்டோம்.

பதிவுச் சான்று, சர்வே சான்று, இன்சூரன்ஸ் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். உள்நாட்டுக் கலன்கள் சட்டம், 2021 இவற்றைப் பற்றித்தான் பேசுகிறது. பெயிண்ட் அடிக்கும்போது பதிவு எண் மறைந்துவிடாமல் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். நாளடைவில் வரும் அரிப்பும் தேய்மானமும் பொதுவாக அதில் விலக்கப்பட்டிருக்கும். எங்கள் குழாய் ஓட்டையானதற்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

பெயிண்ட், அனோடு (அது என்ன என்று ஆறாவது படியில் சொல்கிறேன்) வாங்கும்போது பில்லோடு டேட்டா ஷீட்டையும் கேளுங்கள். எத்தனை மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கும், டப்பா மேல் இருக்காது.

3. எப்போது செய்வது

பொங்கல் முடிந்து மார்ச் கடைசி வரை. சென்னைக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, பெயிண்ட் வேலையை நினைக்கவே வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் அலுமினியம் கை வைக்க முடியாத அளவு சுடும். பெயிண்ட் பரவுவதற்குள் தோலாகிவிடும்.

படகைக் கரையில் வைத்துச் செய்யும் வேலைக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள் ஒதுக்குங்கள். பெயின்டர் நான்கு நாள் போதும் என்பார். குழாய் வேலை, காயும் நேரம் எல்லாம் சேர்த்தால் போதாது.

4. நல்ல தண்ணீரில் கழுவுங்கள்

இதற்குச் செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். படகு ஓட்டிய ஒவ்வொரு நாளும் தண்ணீருக்கு மேலே உள்ள பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஓட்டாவிட்டாலும் வாரம் ஒருமுறை. கடற்காற்று கொண்டுவரும் உப்பு அப்படியே படிந்திருந்தால், இரவுப் பனியில் ஈரத்தை இழுத்து விடிய விடிய அரிக்கும்.

இதில்தான் ஈ.சி.ஆர். பக்கம் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நாங்கள் ஓராண்டு தவறாமல் கழுவினோம், தோட்டத்துப் போர் தண்ணீரில். கோவளத்துப் படகோட்டி ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, போர் தண்ணியும் கழித் தண்ணியும் இங்க ஒண்ணுதான். வாயில வச்சுப் பாருங்க." அன்று மாலையே ரிச்சி தெருவில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வந்து அளந்தேன். 4,200 காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் விரும்பத்தக்க அளவு 500. நாங்கள் இத்தனை நாள் உப்பைக் கழுவவில்லை, உப்புப் பூசியிருக்கிறோம்.

மீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கிவிடுங்கள். 500-க்குக் கீழே இருக்கும் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். மழைநீர்த் தொட்டித் தண்ணீர் அருமையானது. லாரித் தண்ணீரை வந்த உடனே அளந்து பாருங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் படகுக்கு ஊற்றுவோம் என்று தோன்றும், ஆனால் உப்பு எல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். 24 அடிப் படகுக்கு ஒரு முறைக்கு ஒரு 200 லிட்டர் டிரம் போதும்.

சோப்புக்கு கார் ஷாம்பு. துணி சோப்புத் தூள், சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர், பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் கூடாது. கம்பி நாரும் கூடாது. அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் அலுமினியத்தில் குத்தி நின்று, ஒவ்வொன்றும் ஒரு குழிக்கு வித்தாகும். மென்மையான பிரஷ்ஷோ நைலான் நாரோ எடுங்கள்.

கழுவியபின் தேங்கும் இடங்களைத் துடையுங்கள். ஈரக் கார்ப்பெட், ஈரக் கயிறு, கோணிப்பை எதுவும் அலுமினியத்தின் மேல் படுத்துக் கிடக்கக் கூடாது. அவற்றுக்கு அடியில் காற்றுப் போகாது, ஈரம் காயாது. படகில் எங்களுக்கு மிக மோசமாக அரித்திருந்தது கயிறு சுருட்டி வைக்கும் மூலைதான்.

5. வேறு உலோகங்களைத் தேடிப் பிரித்து வையுங்கள்

உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு செம்போ, பித்தளையோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ ஒட்டியிருந்தால் அங்கே ஒரு சிறு பேட்டரி உருவாகிறது. கரைவது எப்போதும் அலுமினியம்தான். அரை நாள் ஒதுக்கி, ஒரு டார்ச்சோடு படகைச் சுற்றிக் குனிந்து பாருங்கள்.

எங்களுக்குக் கிடைத்தவை: பித்தளை டிரெயின் பிளக் ஒன்று. ஆயுத பூஜைக்குக் கம்பியில் கட்டி அப்படியே விட்ட பித்தளை மணி, அது உரசிய இடமெல்லாம் குழி. பெஞ்சுக்கு அடியில் எலக்ட்ரீஷியன் வெட்டிப் போட்ட செம்புக் கம்பித் துண்டுகள். தளத்தைப் பிடித்திருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்டெயின்லெஸ் போல்ட், ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளைப் பொடி.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டை மாற்ற வேண்டியதில்லை. கழற்றி, நைலான் வாஷரும் நைலான் புஷ்ஷும் வைத்து, இடையில் டெஃப்-ஜெல் போன்ற பசையோ சீலன்ட்டோ தடவி முடுக்கினால் போதும். வாஷர், புஷ் எல்லாம் மண்ணடி ஹார்டுவேர் கடைகளில் டஜன் கணக்கில் கிடைக்கும். போல்ட் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்ன அளவு ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை.

தளப் பலகையையும் கவனியுங்கள். மரைன் பிளைவுட்டுக்குப் பூச்சி, பூஞ்சை வராமல் மருந்து ஏற்றுவார்கள். அந்த மருந்தில் செம்பு இருந்தால், நனையும்போதெல்லாம் அது அலுமினியச் சட்டத்தில் இறங்கும். வாங்கும்போதே என்ன மருந்து என்று கேளுங்கள். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை வையுங்கள்.

பேட்டரி வயரிங்கையும் இப்போதே முடித்துவிடுங்கள். லைட்டுக்கோ பம்புக்கோ நெகட்டிவ் வயரைத் தனியாக இழுக்காமல் படகின் உடம்பிலேயே சிலர் கொடுத்துவிடுவார்கள். பைக்கில் அது சரி, அலுமினியப் படகில் குழாயைச் சில வாரங்களில் துளைத்துவிடும். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வயர், பேட்டரி பக்கத்தில் ஒரு மெயின் சுவிட்ச். கரையிலிருந்து சார்ஜர் போட்டால், சார்ஜ் ஏறியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

6. சரியான அனோடு

அனோடு என்பது படகுக்குப் பதிலாகக் கரைவதற்கென்றே கட்டிவிடும் உலோகக் கட்டி. கடைக்காரர் ஜிங்க் எடுத்துக் கொடுப்பார். கடலில் ஓடும் படகுக்கு ஜிங்க் சரி. ஆனால் முட்டுக்காடு போன்ற உப்பங்கழியில் மழைக்காலத்தில் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும், கோடையில் உப்பு ஏறும். நல்ல தண்ணீரில் ஜிங்க்கின் மேல் ஒரு கெட்டித் தோல் படிந்து வேலை செய்வதை நிறுத்திவிடும். நமக்கு வேண்டியது அலுமினிய அனோடு. பெயரில்தான் அலுமினியம், இண்டியமும் ஜிங்க்கும் கலந்த வேறு கலவை அது. ஸ்கிராப் அலுமினியத்தை வெட்டி மாட்டினால் பயன் இல்லை. ஏற்காடு, கொடைக்கானல் ஏரிப் படகுகளுக்கு மக்னீசியம். அதை உப்புத் தண்ணீரில் மாட்டிவிடாதீர்கள், அளவுக்கு மீறி வேலை செய்து பெயிண்ட்டை உரித்து, அலுமினியத்தையே காரத்தால் அரித்துவிடும்.

குழாய்க்கு இரண்டு வீதம் நான்கு போட்டோம். மாட்டும்போது மூன்று விஷயம். குழாயில் ஓட்டை போடவே கூடாது, பிராக்கெட்டிலோ வெல்டிங் செய்த காதிலோதான் மாட்ட வேண்டும். தொடும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது. அனோடு மேலும் பெயிண்ட் அடிக்கக் கூடாது. எங்கள் பெயின்டர் அழகாக இருக்கட்டும் என்று அடித்தே விட்டார், உட்கார்ந்து சுரண்டினேன். மாட்டியபின் மல்டிமீட்டரில் அனோடுக்கும் குழாய்க்கும் நடுவே அளந்து பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

மூன்று மாதம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். துளிகூடக் கரையாமல் புதிதாகவே இருந்தால் தொடர்பு இல்லை என்று பொருள், மகிழ்ச்சி அடையாதீர்கள். அதற்குள் பாதி போய்விட்டால் எங்கோ மின்சாரம் கசிகிறது, ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

7. கரையேற்றி ஓட்டை பார்ப்பது

எங்களுக்கு ஹைட்ரா கிரேன் ஏற்ற 7,000, இறக்க 7,000. பட்டையை அகலமானதாகக் கேளுங்கள், கம்பிக் கயிறு குழாயை நசுக்கும். தரையில் வைக்கும்போது சிமென்ட் கல்லின் மேல் நேராக வைக்காதீர்கள். ஈரச் சிமென்ட் காரம், அலுமினியத்தை அரிக்கும். பழைய டயரோ மரக்கட்டையும் ரப்பரும் சேர்த்தோ வையுங்கள்.

ஏற்றிய அன்றே, காய்வதற்குள், பாசியையும் கொட்டலசையும் (படகின் அடியில் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ சுரண்டிவிடுங்கள். காய்ந்தால் கல்லாகிவிடும். செத்த கொட்டலசின் அடியில்தான் ஆழமான குழிகள் ஒளிந்திருக்கும்.

காற்றடைத்துச் சோதிப்பதில் கவனம் வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, 2 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். பஞ்சர் கடைக் கம்பிரசரை அப்படியே வைத்தால் குழாயின் தையல் பிளந்துவிடும். சைக்கிள் பம்பும் சிறிய அளவு காட்டும் கேஜும் எடுங்கள். எங்களுக்கு இரண்டு இடத்தில் குமிழி வந்தது. அம்பத்தூரிலிருந்து ஆள் வந்து ஆர்கான் வெல்டிங் செய்ய 6,500 ஆனது. 5052-க்கு 5356 வெல்டிங் ராடு கொண்டுவரச் சொல்லுங்கள். வெல்டிங் நடக்கும்போது டிரெயின் பிளக் திறந்தே இருக்கட்டும், மூடிய குழாய்க்குள் காற்று சூடாகி விரியும். எம்-சீல் அப்பினால் போதும் என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு மாதம் தாங்கியது.

8. சுத்தம் செய்தல்

டாய்லெட் ஆசிட் வேண்டாம், ஒரு சொட்டுகூட. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். மேலே பளிச்சென்று ஆக்கிவிட்டு, ஒவ்வொரு குழிக்குள்ளும் குளோரைடை விட்டுச் செல்லும். எங்கள் 18,000 ரூபாய் அப்படித்தான் போனது. அலுமினியம் பிரைட்னர் என்று விற்பனையாகும் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கும். தோலில் பட்டால் உடனே எரியாது, எலும்பு வரை போகும். வேலை செய்பவர் வெறுங்கையோடு தொடுவார், நாம்தான் தடுக்க வேண்டும். தண்ணீர் கலந்த பாஸ்பாரிக் ஆசிட் கிளீனர் மென்மையானது. கையுறை, கண்ணாடியோடு, நிழலில், சிறு சிறு பகுதியாகத் தடவி, சில நிமிடத்தில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் ஆசிடே தேவை இல்லை. முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுங்கள், பிறகு உப்புத்தாள், அதாவது சாண்ட்பேப்பர். இந்த வரிசை மாறினால் பிசுக்கை உலோகத்துக்குள் தேய்த்துவிடுவீர்கள். குழிகளுக்குள் தேய்க்க, வேறு எதற்கும் தொடாத ஒரு புது ஸ்டெயின்லெஸ் பிரஷ். கடைசியில் நல்ல தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது.

9. பெயிண்டா, பாலிஷா

பாலிஷ் வேண்டாம் என்பதே என் முடிவு. வெறும் அலுமினியத்தைக் கண்ணாடி போல வைத்திருக்க வேண்டுமானால், கடலோரத்தில் அதன் மேல் மெழுகோ தெளிவான சீலரோ பூசி, மங்க மங்கத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஓட்டியபின் டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் படகுக்கு அது ஒத்துவரும். தண்ணீரிலேயே நிற்கும் படகுக்கு ஒத்துவராது.

பெயிண்ட் என்றால் முறை இது. உப்புத்தாள் தேய்த்த நான்கு மணி நேரத்துக்குள் முதல் கோட் எபாக்சி பிரைமர் விழ வேண்டும், இல்லையென்றால் ஆக்சைடு மீண்டும் தடித்துவிடும். அதனால் ஒரே நாளில் இரண்டு குழாயையும் தேய்க்கவிடாதீர்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே எபாக்சி மூன்று கோட், அதன் மேல் ஆன்டிஃபவுலிங், அதாவது பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் தடுக்கும் பெயிண்ட். மேலே எபாக்சி இரண்டு கோட், பிறகு பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட். எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்கும் இடத்துக்கு பி.யூ. அடித்தால் கொப்புளம் வரும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான பொறி ஆன்டிஃபவுலிங்தான். மரப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் அடிக்கும் சிவப்புப் பெயிண்ட்டை போட் பெயிண்ட் என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் பெரும்பாலும் குப்ரஸ் ஆக்சைடு, அதாவது செம்பு. எபாக்சியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அந்த இடத்தில் அலுமினியம் கரையும். செம்பு இல்லாதது, அலுமினியத்துக்கு ஏற்றது என்று டேட்டா ஷீட்டில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். விலை அதிகம்தான்.

அடிக்கும் நேரம் காலை பத்து முதல் மூன்றரை வரை. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிறுத்திவிடுங்கள். உலோகத்தின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசினால் புதுக் கோட் மேல் உப்புப் படியும், அடுத்த கோட்டுக்கு முன் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். பி.யூ. அடிப்பவருக்குத் துணி மாஸ்க் போதாது. கெமிக்கல் ஆவியைத் தடுக்கும் கேட்ரிட்ஜ் மாஸ்க் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

10. மொத்தச் செலவு

இரண்டு குழாயும் சேர்த்துச் சுமார் 300 சதுர அடி. எங்களுக்கு ஆனது: கிரேன் 14,000, இரண்டு ஆள் ஆறு நாள் கூலி 14,400, எபாக்சி 10 லிட்டர் 6,000, பி.யூ. 3 லிட்டர் 2,700, தின்னர் 1,800, செம்பில்லாத ஆன்டிஃபவுலிங் 4 லிட்டர் 12,000, அனோடு 3,200, வெல்டிங் 6,500, உப்புத்தாள், டேப், மாஸ்க் 3,400. ஆக 64,000 ரூபாய். மங்கலை அப்படியே விட்டு, நல்ல தண்ணீரில் கழுவியிருந்தால் வெல்டிங்கும் முன்பு வீணாக்கிய ஆசிட் வாஷும் வந்தே இருக்காது. கொட்டேஷன் கேட்கும்போது மெட்டீரியல் தனி, கூலி தனி என்று எழுதி வாங்குங்கள். மொத்தமாகப் பேசினால் தின்னரும் கோட்டின் எண்ணிக்கையும்தான் மாறும்.

11. மழைக்கு முன்

செப்டம்பர் கடைசியில் ஒருமுறை அனோடு பாருங்கள், கீறல்களுக்கு எபாக்சி டச்-அப் செய்யுங்கள், டிரெயின் பிளக்கைத் திறந்து உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்போர்டு இன்ஜினுக்கென்று தனியாகச் சின்ன அனோடு உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

கரையேற்றி வைப்பதாக இருந்தால், முன்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். நீலத் தார்ப்பாயை உடம்போடு இறுக்கிச் சுற்றாதீர்கள். உள்ளே வியர்த்து, மழை முடிந்து பிரிக்கும்போது தார்ப்பாய் ஒட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். மூங்கிலில் ஒரு கூரை மாதிரி கட்டி, இரண்டு பக்கமும் காற்றுப் போக ஒரு முழம் இடம் விட்டுத் தார்ப்பாயை அதன் மேல் போடுங்கள்.